ரசச் சட்டிக்கு மூடி

"நான் சரியாச் சொல்லிக் குடுத்தேனான்னு எனக்குத் தெரியணும் ஆன்ட்டி. இப்ப நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லுங்க பாப்போம்."

"என்ன மிஸி, பரீட்சையா?"

"பரீட்சை எனக்குத்தான். நீங்க தப்பாச் சொன்னா நான் ஃபெயில்."

"அப்ப உங்கள பாஸாக்கிடறேன். இந்த வெள்ளை மாத்திரை காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி. மாத்திரையப் போட்டுட்டுச் சாப்பாட்டத் தள்ளிப் போடக்கூடாது. போதுமா?"

"நூத்துக்கு நூறு ஆன்ட்டி."

இந்தப் பேச்சு நடந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. பலதுறை மருந்தகம் என்கிற அரசுப் பாலிகிளினிக்கின் ஏழாம் எண் அறையில் உட்கார்ந்து அமலா அதை வார்த்தை பிசகாமல் நினைத்துப் பார்த்தாள். சர்க்கரை நோயாளிகளுக்கு மருந்தையும் சாப்பாட்டையும் விளக்கிச் சொல்வதுதான் அந்த அறையில் அவளுடைய வேலை. நாகர்கோவிலில் நர்சிங் படித்துவிட்டு, நர்சை 'மிஸி' என்று கூப்பிடும் சிங்கப்பூருக்கு வந்து ஆறு வருடம். சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்ல வைக்காமல் அவள் யாரையும் நாற்காலியிலிருந்து எழ விட்டதில்லை. தமிழ் தெரியாதவர்களிடம் தன் அரைகுறை மாண்டரினில் கேட்பாள். அவர்கள் மருந்தைத் திருப்பிச் சொல்லிவிட்டு, அவளுடைய உச்சரிப்பையும் திருத்திவிட்டுப் போவார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்த விசாலாட்சி அன்றைக்குத் திருப்பிச் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. 'புரிந்துகொண்டார்' என்று கணினியில் அன்றைக்கே டிக் போட்டாயிற்று. ஆனால் இப்போது மேசைமேல் திறந்து கிடந்த அவளுடைய சின்ன ரத்தச் சர்க்கரை நோட்டு வேறு கதை சொன்னது. காலை ஏழு மணிக்கு 3.4. இரவு ஒன்பதரைக்கு 3.1. சிங்கப்பூர்க் கணக்கில் நாலுக்குக் கீழே இறங்கினாலே தலை சுற்றும், கை நடுங்கும், ஆளைக் கீழே தள்ளும். அதற்கடுத்த வரியில், இரண்டு மணி நேரம் கழித்து, ஒரேயடியாக எகிறி 14.

"பதினாலு எப்படி வந்துச்சு ஆன்ட்டி?"

விசாலாட்சி வெட்கத்தோடு சிரித்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்ததும் டின் பால் ஊற்றிய மைலோ இரண்டு குவளை, கூடவே கையில் அகப்பட்ட பிஸ்கட். அதற்குப் பிறகு சாப்பாடு.

ஐம்பத்து நாலு வயது அவளுக்கு. ஈசூனில் தன் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழேயுள்ள மளிகைக் கடையில் பத்து மணி முதல் மூன்று மணி வரை கல்லாவில் நிற்பாள். யார் வீட்டில் யாருக்கு என்ன பிடிக்கும் என்பது முதல் யாருக்கு எந்த மாதம் பிரசவம் என்பது வரை அவளுக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவள் இந்த ஒரு மாதத்தில் இரண்டு முறை விழுந்துவிட்டாள். ஒரு தடவை அடுக்களையில், இன்னொரு தடவை ரயில் மேடையில்.

அதனால்தான் இந்த முறை மகள் ரக்ஷனாவும் கூட வந்திருந்தாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிரேமும் அவளும் சேர்ந்து பூன் லேயில் வீடு எடுத்திருந்தார்கள். சாவியும் கைக்கு வந்துவிட்டது.

"மிஸ், ஈசூன் ஒரு மூலை, பூன் லே ஒரு மூலை. அப்பா காலையில அஞ்சரைக்கே ஷிப்யார்டு பஸ்ஸைப் புடிச்சு ஜூரோங் போயிடறாரு. அம்மா இப்படி விழுந்துட்டே இருந்தா நான் எப்படி லா போறது? வெட்டிங் டேட்ட தள்ளி வெச்சுக்கலாம்னு பிரேம்கிட்ட சொல்லிட்டேன். இன்னும் மூணு வாரம் பாப்பேன். சரியா வரலைன்னா அந்தத் திங்கக்கிழமை மண்டபத்துக்கு ஃபோன் போட்டுடுவேன்."

விசாலாட்சி, மகள் மருந்து வாங்க வெளியே போகும்வரை காத்திருந்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மிஸி, என்னால இவ கல்யாணம் நிக்கக் கூடாது. கசப்பா, பத்தியமா, ஊசியா, எதுவானாலும் சொல்லுங்க. நான் செய்யறேன்."

மருத்துவர் ஷங்கர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இரவு மாத்திரையைத் தற்காலிகமாகப் பாதியாகக் குறைத்தார். காரணம் தெரியாமல் மேற்கொண்டு மருந்தில் கை வைக்க அவருக்கு விருப்பமில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலை அமலாவிடம் வந்து சேர்ந்தது.

அமலாவிடம் அதற்கு ஒரு வழி இருந்தது. எல்லா நோயாளிகளிடமும் கேட்பதுதான்: ஒரு வாரத்துக்கு, காலையும் இரவும் சாப்பிடுகிற தட்டை, கை வைக்கும் முன்னால் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். அழகாக எடுக்க வேண்டாம், உள்ளதை எடுத்தால் போதும் என்று சொல்லி அனுப்பினாள்.

அடுத்த வாரம் விசாலாட்சி தனியாக வந்தாள். கைப்பேசியில் பதினான்கு படங்கள். அத்தனையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தன. தட்டில் பாதிக்கு அவரைக்காயும் கீரையும், கால்வாசி சோறு, கால்வாசி மீன். காலையில் மூன்று இட்லி, சாம்பார், ஓரமாகக் கொஞ்சம் துவையல். ஒரு ஃபைலைக் கொடுக்க உள்ளே வந்த பக்கத்து அறை நர்ஸ் நசீர் நின்று எட்டிப் பார்த்தான். இப்படித் தட்டு போடுவார்கள் என்றால் தானும் நோயாளியாகப் பெயர் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். விசாலாட்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அமலாவுக்கோ குழப்பம் கூடியது. படங்களில் நேரம் பதிவாகியிருந்தது. காலை ஐந்து மணி இரண்டு நிமிடம். இரவு எட்டு ஐந்து. மாத்திரை நாலரைக்கும் ஏழரைக்கும். எல்லாம் சொல்லி வைத்தாற்போல. பிறகு எப்படி 3.1?

சோற்றின் அளவைப் பார்க்கலாம் என்று ஒரு படத்தை இரண்டு விரல்களால் பெரிதாக்கினாள். எவர்சில்வர் தட்டின் விளிம்பில் புள்ளி புள்ளியாக ஏதோ பொறித்திருந்தது. இன்னும் பெரிதாக்கினாள். பெயர் தெரிந்தது.

"ஆன்ட்டி, இதுல ரெங்கசாமின்னு போட்டிருக்கே."

"ஆமா, அவரு தட்டு. என் கல்யாணத்துக்கு எங்கம்மா சிராங்கூன் ரோட்டுல வாங்கி, கடையிலயே பேர் வெட்டிக் குடுத்தாங்க. ஜோடியா ரெண்டு. முப்பத்தோரு வருஷம் ஆச்சு, ஒரு நெளிசல் இருக்கா பாருங்க."

அமலா அடுத்த படத்தைத் தள்ளினாள். ரெங்கசாமி. அதற்கடுத்த படம், ரெங்கசாமி. பதினான்கிலும் ரெங்கசாமி.

"ஆன்ட்டி, நான் உங்க சாப்பாட்டத்தான படம் எடுக்கச் சொன்னேன்?"

"அதான் எடுத்திருக்கேனே. அதே சாப்பாடுதான். நான் அப்புறமாச் சாப்பிடுவேன்."

"அப்புறம்னா எப்ப?"

விசாலாட்சி மிக இயல்பாகச் சொல்லிக்கொண்டு போனாள். கணவருக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு இட்லி. அவர் கிளம்பிய பிறகு துணி துவைத்து, ரக்ஷனாவுக்குக் கட்டிக் கொடுத்து, வீட்டைக் கூட்டி முடிக்க எட்டோ எட்டரையோ ஆகும். அப்போது இருப்பதைச் சாப்பிடுவாள். இரவில் அவருக்கு எட்டு மணிக்கு. ரக்ஷனா வேலை முடிந்து வர ஒன்பது. அவள் சாப்பிட்டு, பாத்திரம் ஒதுக்கி, மீந்ததைக் கொட்ட மனம் வராமல், அடுக்களையிலேயே நின்றபடி. சில நாள் பத்து மணி. சில நாள் மோரோடு முடிந்துவிடும்.

அமலா பேனாவைக் கீழே வைத்தாள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி. அந்த அம்மாள் சொன்னதும் சரி, செய்ததும் சரி. அந்த வீட்டில் சாப்பாட்டு வேளை என்றால் அது ரெங்கசாமி உட்காரும் வேளை. மாத்திரையை விழுங்கிவிட்டு, இரண்டு மணி நேரம், நாலு மணி நேரம், அவள் மற்றவர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறாள். நூற்றுக்கு நூறு போட்ட தான்தான் இதைக் கேட்கத் தவறியவள் என்று அமலாவுக்கு உறைத்தது. யார் சாப்பிடும் சாப்பாடு என்று ஒரு கேள்வி. ஐந்து மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

"அந்தப் பரீட்சையில நான் ஃபெயில் ஆன்ட்டி" என்றாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். விசாலாட்சி வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். பாதியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அமலாவுக்கும் அடக்க முடியவில்லை. கதவுக்கு வெளியே வரிசையில் இருந்தவர்கள் உள்ளே என்ன நடக்கிறதோ என்று திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அமலா, கை நடுங்கினால் மைலோவும் பிஸ்கட்டும் கூடாது, தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சர்க்கரை, கால் மணி நேரம் கழித்து மறுபடி விரலில் குத்திப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். திருப்பிச் சொல்லவும் வைத்தாள். அதன் பிறகு, "காலை மாத்திரைய இனி எட்டு மணிக்குப் போட்டு எட்டரைக்குச் சாப்பிட்டுடுங்க. இப்ப எனக்கு இன்னும் ஒரு நேரம் மட்டும் வேணும். ராத்திரி நீங்க தினமும் எத்தன மணிக்குச் சாப்பிடுவீங்க? அதுக்கு அரை மணி முன்னாடி மாத்திரைய மாத்திடலாம்" என்றாள்.

"அவரு சாப்பிட்ட அப்புறம்..."

"மணி சொல்லுங்க ஆன்ட்டி."

"ரக்ஷனா வந்த அப்புறம்..."

"மணி."

விசாலாட்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முப்பத்தோரு வருடத்தில் தனக்கென்று ஒரு சாப்பாட்டு மணி இருந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது போலிருந்தது. "எட்டு மணி" என்றாள். "அவரு உக்காருற அதே எட்டு மணி."

பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னாள். கல்யாணமான மூன்றாம் நாள் அவள் இரண்டு தட்டையும் எடுத்துக் கழுவி மேசையில் எதிரெதிரே வைத்தாளாம். மாமியார் வந்து பார்த்தார். விசாலாட்சி என்று பெயர் வெட்டிய தட்டை எடுத்துக்கொண்டுபோய் அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் இரண்டாவது தட்டை வைத்ததில்லை. மாமியார் போய்ப் பத்து வருடமாகிறது. அலமாரியும் மாறிவிட்டது.

"அந்தத் தட்டு இப்ப எங்க ஆன்ட்டி?"

"அதுவா? ரசச் சட்டிக்கு மூடியா இருக்கு. அளவெடுத்த மாதிரிப் பொருந்தும்."

ரெங்கசாமியிடம் தான் பேசட்டுமா என்று அமலா கேட்டாள். விசாலாட்சி அவசரமாக மறுத்துத் தலையசைத்தாள்.

"வேணாம் மிஸி. அவரு நல்லவரு. ஞாயித்துக்கிழமை தேக்கா சந்தைக்குப் போனா மீன் வாங்க மறந்தாலும் எனக்கு மல்லிகைப்பூ வாங்க மறக்க மாட்டாரு. ஆனா நீங்க சொன்னா அது மருந்தாயிடும். வேளைக்கு ஒருதரம் கடமைக்குச் செய்வாரு. இதை நானே கேக்கணும்." பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள், "எப்படிக் கேக்கறதுன்னுதான் தெரியல. சின்னப் பொண்ணாட்டம் கூச்சமா இருக்கு" என்றாள்.

அவளால் கேட்க முடியவில்லை. அடுத்த சில நாட்களில் அமலா தொலைபேசியில் விசாரித்தபோது விசாலாட்சி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். எட்டு மணிக்கு அடுக்களையில் நின்றபடி இரண்டு வாய் சாப்பிடுகிறாள், அதற்குள் அவருக்கு ரசம் வேண்டும், மறுபடி இரண்டு வாய், அதற்குள் அப்பளம். ஒவ்வொரு நாளும் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறப்பாளாம். சரியாக அந்த நேரத்தில் தொலைக்காட்சியில் செய்தி ஆரம்பித்துவிடுமாம். விழவில்லை. ஆனால் இரவில் இன்னும் 3.8, 3.7. மருத்துவருக்கும் இந்த முன்னேற்றம் போதவில்லை. ரக்ஷனாவுக்கும் போதவில்லை. அவள் சொன்ன திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, லிட்டில் இந்தியாவில் ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில் அமலாவின் உடல்நலப் பேச்சு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தமிழிலேயே நடத்துவாள். குடும்பத்தோடு வரும்படி விசாலாட்சிக்கும் சொல்லியிருந்தாள். பேச்சு முடிந்ததும் மதியச் சாப்பாடு உண்டு என்ற செய்தி ரெங்கசாமியை இழுத்து வந்தது என்று ரக்ஷனா அமலாவின் காதில் சொன்னாள். அவளும் பிரேமும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ரெங்கசாமி முன்வரிசை. வெள்ளைச் சட்டை, பெரிய மீசை, காலடியில் மீன் வாங்கிய பை, மடியில் வாழையிலையில் சுற்றிய மல்லிகைப்பூ. அமலா எதைக் கேட்டாலும் முதலில் பதில் சொன்னவர் அவர்தான். பிளாஸ்டிக் காய்கறிகளைத் தட்டில் அடுக்கிக் காட்ட அவள் ஆள் கேட்டபோது, அவரே எழுந்து வந்தார். பாதித் தட்டுக்குக் காய்கறியை அடுக்கிவிட்டு, "எங்க வீட்ல தினம் இப்படித்தான் மிஸி, எல்லாம் இவ கைவண்ணம்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கைத்தட்டல் எழுந்தது. விசாலாட்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

மாத்திரை, சாப்பாடு, தலைசுற்றல் எல்லாம் பேசி முடித்த பிறகு, அமலா எப்போதும் செய்வதைச் செய்தாள். கேட்டதில் ஒன்றை ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். இன்றைக்கு மட்டும் கூடுதலாக ஒன்று சேர்த்தாள். வீட்டில் அவரிடமிருந்து தனக்கு வேண்டிய உதவி ஒன்றையும் கேட்க வேண்டும். ஒன்றே ஒன்று. அதைச் சொல்லும்போது அவள் முன்வரிசையைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்தாள்.

மாடி முழுக்கச் சலசலப்பு. பஞ்சவர்ணம் என்ற அம்மாள் தன் கணவரிடம், முறுக்கு டின்னைத் தனக்குத் தெரியாத இடத்தில் ஒளித்து வைக்கச் சொன்னாள். எத்தனை இடத்தில் ஒளித்தாலும் நீ கண்டுபிடிக்கிறாயே என்று அவர் அலுத்துக்கொண்டார். ரக்ஷனா பிரேமிடம் பாத்திரம் கழுவுவது யார் என்று இப்போதே பேசி முடித்துக்கொண்டிருந்தாள். அமலா ஒவ்வொரு வரிசையாக நடந்து வந்து, முன்வரிசையின் ஓரத்தில் நின்றாள்.

ரெங்கசாமி மனைவி பக்கம் திரும்பி உட்கார்ந்து, விரல் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாத்திரை போட்டா அரை மணியில சாப்பிட்டாகணும். தள்ளிப் போடக்கூடாது. கை நடுங்கினா தண்ணியில மூணு ஸ்பூன் சக்கரை. கால் மணி கழிச்சு மறுபடி குத்திப் பாக்கணும். சரியா மிஸி?"

சரி என்று அமலா தலையசைத்தாள்.

"என் உதவி சின்னதுதான். நான் நியூஸ் பாக்கறப்ப உன் மக சேனல மாத்தக்கூடாது. சொல்லி வை. ம், இப்ப நீ சொல்லு விசா."

விசாலாட்சி அவர் மடியிலிருந்த பூப்பொட்டலத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாரை ஒருமுறை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"மாத்திரை போட்டா அரை மணியில சாப்பிடணும்."

"அதான் நான் சொல்லிட்டேனே. வேற சொல்லு."

"யாரு சாப்பிடணும்?"

"இதென்ன கேள்வி? மாத்திரை போட்டவங்கதான். நீதான்."

"நான் ராத்திரி எத்தன மணிக்குச் சாப்பிடறேங்க?"

காலையிலிருந்து எந்தக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொன்ன ரெங்கசாமி, வழக்கம்போல வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. மனைவியைப் பார்த்தார். பிறகு, விடை அங்கே எழுதியிருக்குமோ என்பது போல அமலாவைப் பார்த்தார். பின்வரிசையில் ரக்ஷனா எட்டிப் பார்த்தாள்.

"எட்டு மணிக்கு... எனக்குப் போட்டுட்டு, நீ உள்ள..." என்று தொடங்கி, அவர் குரல் தணிந்தது. "நீயும் சாப்பிட்டுட்டேன்னுதான் நெனச்சேன் விசா. அப்புறம் சாப்பிடறேன்னு சொல்வியே."

"முப்பத்தோரு வருஷமா அப்புறந்தான்." அவள் குரலில் கோபம் இல்லை. கூச்சம் இருந்தது, கொஞ்சம் சிரிப்பும் இருந்தது.

"இவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

"இப்ப சொல்றேன்ல."

கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மாடியில் பரிமாறும் இடத்திலிருந்து சாம்பார் மணம் வந்தது. ரெங்கசாமி மீன் பையைக் காலால் நகர்த்திவிட்டு, நாற்காலியை முழுதாக அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் எல்லாம் சாப்பாட்டு வரிசைக்கு எழுந்துகொண்டிருந்தார்கள். அவர் எழவில்லை.

"சொல்லு. என்ன உதவி வேணும்?"

விசாலாட்சி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ரசச் சட்டிக்கு வேற மூடி வாங்கிக் குடுங்க. என் தட்டு எனக்கு வேணும். நீங்க உக்காரும்போது நானும் உங்க எதிர்ல உக்காந்து சாப்பிடணும்."